ஆட்டத்தை விழுங்கும் பால்மரம்



2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 24, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணி சற்றுக் கடந்த நேரம். சிகாமட் வட்டாரத்தில் கட்டில் ஆடி விழித்தவர்கள் பலர். பதிவான அளவு 4.1. பெரிய சேதம் இல்லை. ஆனாலும் ஜொகூர் மக்களுக்கு அது புதிய பயம். அதுவரை நம்மை ஆட்டியவை பெரும்பாலும் சுமத்ராவிலிருந்து வந்தவை. 2009 செப்டம்பர் 30 மாலை பாடாங் நகரைக் குலைத்த 7.6 அளவு நிலநடுக்கத்தை ஜொகூர் பாரு அடுக்குமாடிகளில் இருந்தவர்களும் உணர்ந்தார்கள். சிகாமட்டில் நடுங்கியதோ நம் காலடி மண்.

கட்டடம் ஆடுகிறது, பிறகு நிற்கிறது. ஆட வைத்த சக்தி எங்கே போயிற்று?

தோட்டத்து லயத்தில் உத்தரத்தில் கட்டிய சேலைத் தொட்டிலை நினைத்துப் பாருங்கள். ஒரு சாண் ஆடுவதை இரண்டு சாணாக்கினால், அதில் இருக்கும் சக்தி நான்கு மடங்காகிறது. கணக்குப் புத்தகம் விரும்பும் தொட்டில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கையிருப்பில் ஒரே பங்கை இழக்கும். பத்தில் ஒன்று என்றால் எப்போதும் பத்தில் ஒன்று. உண்மைத் தொட்டில் அப்படி நடப்பதில்லை. கயிறு உத்தரத்தில் உரசும்போது, வீச்சு இரட்டித்தால் உரசலில் கரையும் சக்தியும் இரட்டிக்கும், அவ்வளவுதான். பெரிய ஆட்டத்தில் அது சிறு பங்கு. சிறிய ஆட்டத்தில் பெரும் பங்கு. அதனால்தான் கடைசியில் தொட்டில் சட்டென்று நின்றுவிடுகிறது. காற்று தடுப்பதோ நேர்மாறு. வீச்சு இரட்டித்தால் இழப்பு எட்டு மடங்கு வரை போகும். பெரிய ஆட்டம் விரைவில் அடங்கும், சின்ன அசைவு நெடுநேரம் நிற்கும். இதைத்தான் பொறியாளர்கள் நேர்விகிதத்தில் அமையாத தணிப்பு என்கிறார்கள்.

இங்கேதான் பால்மரம் வருகிறது. குளுவாங், கூலாய், சிகாமட் என்று ஜொகூர் முழுவதும் நம் பாட்டன், பாட்டி விடியுமுன் தலைவிளக்கோடு நிரை பிடித்து வெட்டிய அதே மரம். மலேசிய ரப்பர் உற்பத்தியாளர்களின் ஆய்வுக்கூடம் இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்டு அருகே இருந்தது. அங்கே இயற்கை ரப்பரில் கரித்தூள் முதலியவற்றைக் கலந்து, அதிகம் தணிக்கும் ஒரு ரப்பரை உருவாக்கினார்கள். அதை இரும்புத் தகடுகளுக்கு இடையே அடுக்கினால் கட்டடத்தைத் தாங்கும் மெத்தை. 1985இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ரான்சோ குக்கமோங்கா ஊரின் நீதிமன்றக் கட்டடம் இப்படிப்பட்ட 98 மெத்தைகள் மேல் எழுந்தது. 2014இல் திறந்த இரண்டாவது பினாங்குப் பாலத்தின் அடியிலும் இந்த ரப்பர் மெத்தைகள் இருக்கின்றன. பால் வெட்டியவர்களின் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அதன் குணம் விசித்திரமானது. காற்று அடித்தாலும் லோரி போனாலும் விறைப்பாக நிற்கும். நிலம் பலமாக அசைந்தால் இளகும். கட்டடத்துக்குப் போக வேண்டிய சக்தியில் பெரும் பகுதியைத் தானே விழுங்கிச் சூடாக்கிவிடும். எல்லை மீறி இழுத்தால் மறுபடி விறைக்கும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. மெத்தை இரண்டு மடங்கு தூரம் அசைந்தால் அது விழுங்கும் சக்தி நான்கு மடங்காவதில்லை, சுமார் மூன்று மடங்கு அளவில் நிற்கிறது. சின்னதாக ஆட்டிப் பார்த்து, "நன்றாகத் தணிக்கிறது" என்று சான்றிதழ் கொடுத்தால் பெரிய ஆட்டத்தில் கணக்கு தப்பும். ஆகவே வடிவமைத்த முழு வீச்சுக்கும் இழுத்துச் சோதிக்க வேண்டும். இதில் சிக்கனம் பார்ப்பது அறிவீனம்.

மெத்தை எல்லாவற்றுக்கும் மருந்தும் ஆகாது. அருகில் நடுங்கினால் மண் வேகமாக உதறும். நாலைந்து மாடி மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் அப்போது மெத்தை கைகொடுக்கும். சுமத்ராவிலிருந்து நெடுந்தூரம் வரும் அலையோ மெதுவாக ஆட்டும். முப்பது மாடிக் கட்டடத்தின் இயல்பான ஆட்டமும் மெதுவானது. இரண்டும் ஒத்துப்போனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் சக்தி ஏறிக்கொண்டே போகும். அங்கே கட்டடத்தின் உள்ளேயே எண்ணெய்த் தணிப்பான்களோ, தைப்பே 101 கோபுரத்தில் தொங்கும் 660 டன் குண்டு போன்ற ஏற்பாடோ தேவை. எதுவுமே இல்லாத கட்டடமும் சக்தியை விழுங்கத்தான் செய்யும். சுவரும் தூணும் வெடித்து, அந்த வெடிப்புகள் உரசி விழுங்கும்.

2015இல் சபாவின் ரானாவ் நடுக்கம் 18 உயிர்களைக் கொண்டுபோன பிறகு, 2017இல் மலேசியாவுக்கென நிலநடுக்க வடிவமைப்பு விதி வந்தது. ஜொகூர் பாருவில் புதிதாக அடுக்குமாடி வீடு வாங்கப் போகிறவர்கள், அந்த விதிப்படி கணக்குப் போட்டீர்களா என்று மேம்பாட்டாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பழைய கட்டடங்களில் இருப்பவர்கள், நடுக்கத்துக்குப் பிறகு தூணிலும் உத்தரத்திலும் சாய்வாக ஓடும் வெடிப்பு தெரிந்தால் சாயம் பூசி மறைக்காமல் நிர்வாகத்திடம் காட்டி, பொறியாளரை வரவழையுங்கள்.