தேய்ந்த பாட்டரி யார் பொறுப்பு?
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வடபுலத்துக் கோடையில் மின்சாரம் நின்றுபோனால் நமக்கு இன்வெர்ட்டரே துணை. அதன் பாட்டரி சில ஆண்டுகளில் ஓய்ந்துவிடுகிறது. கபாடிக்காரர் வந்து விலை பேசுகிறார்; நல்ல விலை கிடைத்ததென்று நாமும் மகிழ்ந்து கொடுத்துவிடுகிறோம். அப்பால் அது எங்கே போகிறதென்று கேட்பாரில்லை.

அவர் கொடுக்கும் விலை உள்ளே இருக்கும் ஈயத்திற்கு. பதிவு பெற்ற ஆலைக்குச் சென்றால் நன்று. செல்லாதவை ஊர்ப்புறத்துக் கொட்டகைகளில் கோடரியால் பிளக்கப்படுகின்றன. கந்தக அமிலத்தை மண்ணில் கொட்டி, ஈயத்தைத் திறந்த உலையில் உருக்குகிறார்கள். அப்புகை அருகில் விளையாடும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்வது. ஈயத்தில் தீங்கற்ற அளவென்று ஒன்று அறியப்படவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கூற்று.

கடிகாரத்துச் சிறு செல்லின் கதையோ நேர்மாறானது. அதற்கு விலையில்லை, எனவே வாங்குவாருமில்லை. கறிகாய்த் தோலோடு குப்பைமேடு சேர்கிறது.

2001-ஆம் ஆண்டு விதிகள் ஈய பாட்டரியை மட்டுமே கருதின. 2022 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், சிறு செல் முதல் மின்சார ஊர்தியின் பாட்டரி வரை அனைத்தையும் தழுவுகின்றன. தம் பெயரிட்டு விற்போரும் இறக்குமதி செய்வோருமே கழிவைத் திரட்டி மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பினர். புதைத்தலும் எரித்தலும் கூடா. தவறினால் இழப்பீடு செலுத்த வேண்டும். இலாபம் பெறுபவரே கழிவையும் ஏற்கவேண்டும் என்பது நேர்மையான நெறிதானே!

ஆயினும் ஓர் இடைவெளி உண்டு. மறுசுழற்சி ஆலையிடம் சான்றிதழ் வாங்கி உற்பத்தியாளர் தம் கடமையை நிறைவேற்றலாம். ஏட்டில் கணக்கு நேராகிவிடும். நம் வாசலில் நிற்பவர் என்னவோ பழைய கபாடிக்காரரே. விற்கும்போதே ஒரு வைப்புத்தொகை பெற்று, பாட்டரி திரும்பும்போது அதனைக் கொடுக்கும் முறையை விதிகள் அனுமதிக்கின்றன; கட்டாயமாக்கவில்லை. கட்டாயமாக்க வேண்டும் என்பதே எம் கருத்து. அப்போதுதான் ஈயம் கொட்டகையை நாடாது. விலையற்ற செல்லுக்கும் ஒரு விலை பிறக்கும்.

பாட்டரியைப் பிற குப்பையோடு கலவாது ஒப்படைக்கும் கடமையை அவ்விதிகள் நமக்கும் வைத்துள்ளன. சங்க அலுவலகத்தில் செல்களுக்கென ஒரு பெட்டி வைத்து, நிறைந்ததும் பதிவு பெற்றவரிடம் சேர்ப்பிக்கச் செயற்குழுவினர் ஆவன செய்யுமாறு வேண்டுகிறோம். இன்வெர்ட்டர் பாட்டரி மாற்றுவோர், பழையதைக் கடைக்காரரிடமே கொடுத்து இரசீது கேட்டுப் பெறுக.