கஞ்சி அரிசி போதாது, கணக்கு வேண்டும்

மேலப்பாளையத்துப் பெரியோர்களே, வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, தம்பிமார்களே!

இந்த நாட்டில் முஸ்லிம்களாகிய நம்மைத் தாஜா செய்கிறார்களாம். டெல்லியிலும் சொல்கிறார்கள், டீக்கடையிலும் சொல்கிறார்கள். அந்தத் தாஜாவின் லட்சணத்தை நீதிபதி சச்சார் குழு 2006-லேயே எழுதிக் கொடுத்துவிட்டது. அன்றைய கணக்குப்படி மக்கள்தொகையில் நூற்றுக்குப் பதின்மூன்று பேர் நாம், ஐ.ஏ.எஸ். அதிகாரிகளில் நூற்றுக்கு மூன்றே பேர். 6 முதல் 14 வயது வரையுள்ள நம் பிள்ளைகளில் நாலில் ஒன்று பள்ளிக்கூடம் போனதே இல்லை, இல்லாவிட்டால் பாதியில் நின்றுவிட்டது. இதற்குப் பெயர் தாஜா என்றால், கொஞ்ச நாளைக்கு அதை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்!

ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2007-ல் கலைஞர் ஆட்சியில் 3.5 சதவீத இடஒதுக்கீடு வந்தது. அதைப் பிடித்துக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகளைப் பெற்றவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். நோன்புக் கஞ்சிக்கு அரிசி வருகிறது, அதற்கும் நன்றி. ஆனால் கஞ்சி ஒரு மாதம். பசி பன்னிரண்டு மாதம்!

டெல்லி என்ன செய்தது? 2008-ல் சிறுபான்மையினர் அதிகம் வாழும் 90 மாவட்டங்களைப் பொறுக்கி எடுத்துப் பணம் ஒதுக்கியது. பணம் மாவட்டத்துக்குப் போனது, மஹல்லாவுக்குப் போகவில்லை. அங்கன்வாடியும் சுகாதார நிலையமும் அதே மாவட்டத்தில் வேறெங்கோ எழும்பினாலும் கணக்கு நம் பெயரில்! புகார் வந்த பிறகு 2013-ல் மாவட்டத்தை ஒன்றியமாகச் சுருக்கினார்கள். தெருவரைக்கும் இறங்கி வர யாருக்கும் மனம் வரவில்லை.

தெருவுக்கு நான் கூட்டிப் போகிறேன், வாருங்கள். தறிச் சத்தம் ஓய்ந்த வீடுகளில் இன்றைக்கு என்ன நடக்கிறது? விடியற்காலையில் உம்மா பீடி இலையை நனைத்து வைக்கிறாள். மடியில் தட்டு, கையில் கத்தரி. வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டி, முனை மடக்கி, ஆயிரம் தேற்றுவதற்குள் இருட்டிவிடுகிறது. பீடிக்கடையில் பத்துக் கட்டைப் பிரித்துப் பார்த்து, சரியில்லை என்று ஒதுக்குகிறார்கள். ஒதுக்கிய பீடிக்குக் கூலி கிடையாது. இலை குறைந்தால் அந்தக் காசும் அவள் தலையில். பாஸ் புத்தகம் ஒருத்தி பெயரில் இருக்கும், சுற்றுகிறவர்கள் வீட்டில் நாலு பேர். மற்ற மூன்று பேருக்கும் பி.எஃப். இல்லை. அரசாங்கத்தின் கண்ணில் அவர்கள் தொழிலாளியே இல்லை!

பீடிக்கு என்று ஒரு நல வரி இருந்தது. அதிலிருந்துதான் பீடித் தொழிலாளியின் பிள்ளைக்கு உதவித்தொகை, வீடு, வைத்தியம். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தது, அந்த வரி போனது. இப்போது பட்ஜெட்டில் அவர்களாகப் பார்த்துப் போடுவதுதான்.

டெல்லியின் அடுத்த கூத்தைக் கேளுங்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்தார்கள். சின்ன வகுப்புக்கு வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய். 2022-ல், எட்டாம் வகுப்பு வரை கல்வி இலவசம்தானே, இனி ஒன்பதுக்கும் பத்துக்கும் மட்டும்தான் என்று வெட்டினார்கள். ஐயா, எட்டோடு நிறுத்திப் பெண்பிள்ளையைத் தட்டின் முன்னால் உட்கார வைக்கிற ஊர் இது! ஒன்பதாம் வகுப்புக்குப் பணத்தோடு வந்து யாரைத் தேடுவீர்கள்? அதே கையோடு ஆராய்ச்சி மாணவருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையையும் நிறுத்தினார்கள். 5,020 கோடியாக இருந்த சிறுபான்மையினர் நல அமைச்சகத்தின் பட்ஜெட் 2023-24-ல் 3,097 கோடி ஆனது.

சரி, கடன் வாங்கித் தொழில் செய்யலாம் என்று போனால், ஜாமீனுக்கு அரசு ஊழியரைக் கூட்டி வா என்கிறார்கள். அப்படி ஓர் அரசு ஊழியரை நாங்கள் எந்தத் தெருவில் போய்ப் பிடிப்பது?

நம் ஜமாஅத் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. வக்ஃபு கடையை அந்தக் காலத்து வாடகைக்கு வைத்துக்கொண்டு ஏழையின் உரிமையைப் பேசக் கூடாது. கோபித்துக்கொண்டாலும் சரி.

மனு தயாராக இருக்கிறது. ஒன்றாம் வகுப்பு முதல் உதவித்தொகை, சுற்றுகிற ஒவ்வொருத்திக்கும் தனிப் பாஸ் புத்தகம், ஜாமீன் இல்லாத சிறுகடன், நம் பெயரில் செலவான பணத்துக்கு வார்டு வாரியாகக் கணக்கு. மேடைக்கு இடப்பக்கம் மேசை போட்டிருக்கிறோம். தாய்மார்கள் முதலில் கையெழுத்துப் போடுங்கள், ஆண்கள் வரிசையில் நில்லுங்கள்!