மீட்டர் நம் பெயரில் வேண்டும்



மராட்டியத்தில் வீட்டு மின்சாரத்தில் முதல் 100 யூனிட்டுக்கு விலை குறைவு. அதற்கு மேல் விலை ஏறும். ஏழைக்காகச் செய்த ஏற்பாடுதான். ஆனால் நமக்குக் கிட்டுகிறதா? ஒரே மீட்டரில் நான்கு குடித்தனம். ஆளுக்கு 80 யூனிட் எரித்தால் மீட்டர் 320 காட்டும். 220 யூனிட்டுக்கு மேல்விலை! சிக்கனமாக இருந்தும் தண்டம் கட்டுகிறோம்.

2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, சொந்தக்காரர் மட்டுமல்ல, குடியிருப்பவரும் இணைப்புக் கேட்கலாம் என்கிறது. 64ஆம் பிரிவின்படி, கட்டணம் நிர்ணயிக்குமுன் பொதுமக்களின் ஆட்சேபணையை மாநில ஆணையம் பரிசீலித்தாக வேண்டும்.

வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வாரோ என்று அஞ்சுகிறோம். தனியாகப் போனால் அந்த அச்சம் நியாயமே. நான்கு குடித்தனமும் சேர்ந்தே போவோம். மனு எழுதிப் பழகிய கை நம் சங்கத்தில் உண்டு. வாடகைச் சீட்டோடு வாருங்கள்!