பூட்டும் பெர்த்தும்

மார்த்தாண்டத்துக்காரர்களுக்கு ரயில் என்றால் குழித்துறை ஸ்டேஷன்தான். கிறிஸ்துமஸுக்கு ஊர் வந்த பிள்ளைகளைச் சென்னைக்குத் திரும்ப அனுப்பவேண்டுமே என்று கவுண்டர் வாசலில் வரிசை நின்றவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அந்த ஜன்னலுக்குப் பின்னால் நடக்கும் வேலையைக் கலை என்றே சொல்வேன். ஒரே கணக்கேட்டில் பல பெரிய கணினிகள் எழுதினாலும் கணக்குப் பிசகாமல் காக்கும் கலை.

கணினி வருமுன் ஒவ்வொரு வண்டிக்கும், ஒவ்வொரு தேதிக்கும் தாள் ஏடு இருந்தது. ஒரு குமாஸ்தா அதைக் கையில் எடுத்துவிட்டால் பக்கத்து ஜன்னல்காரர் காத்திருக்கவேண்டியதுதான். எரிச்சலான ஏற்பாடு. ஆனால் ஒரு பெர்த்தை இருவருக்கு விற்பது சிரமம். ஏடு ஒருவர் கையில் இருப்பதே பூட்டாகிவிடுகிறது. கணினியில் அந்தக் காவல் இல்லை. ஒரே நொடியில் இரண்டு குமாஸ்தாக்கள் ஒரே பக்கத்தைத் திறக்கலாம். 32-ஆம் பெர்த் காலி என்று இருவருக்கும் தெரியும். இருவரும் பெயர் எழுதுவார்கள். பிந்தி எழுதியது முந்தி எழுதியதை அழித்துவிடும். சண்டை வண்டியில் ஏறிய பிறகுதான்.

ஆகவே பூட்டைப் புதிதாகச் செய்யவேண்டியிருந்தது. ஐபிஎம் பெருங்கணினிகளில் இருந்த பழைய வழி முரட்டு வழி. எழுத வரும் கணினி முழு வட்டையே தன் பேரில் பிடித்துக்கொள்ளும். அந்த வட்டிலுள்ள வேறு கோப்பைக்கூட மற்றக் கணினிகள் தொடமுடியாது. ஒரு குடம் தண்ணீருக்குக் குளத்தையே அடைத்த கதை. 1994-இல் அந்த நிறுவனம் கொண்டுவந்த பேரலல் சிஸ்ப்ளெக்ஸ் என்ற ஏற்பாட்டில் எல்லாக் கணினிகளுக்கும் நடுவே பொது நினைவகம் ஒன்று வந்தது. யார் எதைப் பிடித்திருக்கிறார் என்ற பட்டியல் அதில் இருக்கும். பிறகு முழுக் கோப்பை விட்டுவிட்டு, அதிலுள்ள ஒற்றைப் பதிவை மட்டும் பூட்ட வழி பிறந்தது.

நம் ரயில்வேயோ 1985-இல் டெல்லியில் கணினி முன்பதிவைத் தொடங்கியது வாக்ஸ் என்ற வேறு வகைக் கணினிகளில். அவை பெருங்கணினியே அல்ல என்று ஐபிஎம்காரர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். அது அவர்கள் பாடு. பல வாக்ஸ்களைச் சேர்த்துக் கட்டும்போது பூட்டு நிர்வாகம் என்றொரு நிரல் எல்லாவற்றுக்கும் பொதுவாகக் காவல் நிற்கும். படிக்க மட்டும் வருபவர்கள் எத்தனை பேரானாலும் சேர்த்து உள்ளே விடும். எழுத வருபவரைத் தனியாக விடும். பூட்டைப் பிடித்தபடியே ஒரு கணினி விழுந்துவிட்டால் அந்தப் பூட்டை மீட்டு அடுத்தவருக்குக் கொடுக்கும். இந்தக் கடைசி வேலையில்தான் கைத்திறன் இருக்கிறது. பூட்டுவதற்கு யாரும் நிரல் எழுதிவிடலாம். சாவியோடு போய்ச்சேர்ந்தவனிடமிருந்து அதை வாங்கி, அவன் பாதி எழுதியதையும் அடித்துத் திருத்துவது எளிதல்ல.

ஆனால் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்று ஐந்து முன்பதிவு மையங்களும் தனித்தனித் தீவுகளாகத்தான் வெகுகாலம் இருந்தன. அவற்றை இணைக்கும் கான்செர்ட் என்ற மென்பொருள் 1994-இல் செகந்திராபாத்தில் வந்தது. 1999-இல் ஐந்தும் இணைந்தன. இணைத்த விதம்தான் எனக்குப் பிடித்தது. எல்லா ஏட்டையும் எல்லாருக்கும் பொதுவாக்கவில்லை. ஒரு வண்டியின் ஏடு ஒரு மையத்தில் மட்டுமே இருக்கும். சென்னைப் பொறுப்பிலுள்ள வண்டிக்கு டெல்லிக் கவுண்டரில் டிக்கெட் கேட்டால் அந்தக் கேள்வி சென்னைக்குப் போகும்; பூட்டுவதும் எழுதுவதும் அங்கேயே நடக்கும்; பதில் மட்டும் டெல்லிக்குத் திரும்பும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிப் பூட்டைப் பிடித்திருந்தால் கம்பி அறுந்தவுடன் எல்லாரும் நின்றுபோவார்கள். அந்த வம்பே இதில் வேண்டாம். ஐபிஎம்மின் பொது நினைவகத்தைவிட இதையே நான் மேலாக வைப்பேன். குறையும் உண்டு. அந்த ஒரு மையம் படுத்துவிட்டால் அதன் வண்டிகளுக்கு நாடு முழுக்க டிக்கெட் கிடையாது.

தட்கல் நாளில் இந்தப் பூட்டின் வேகத்தைப் பார்க்கலாம். ஏ.சி.க்குப் பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினொன்று. வரிசையில் முதல் ஆளாக நின்ற எனக்கே வெயிட்டிங் லிஸ்ட் வந்ததே, உள்ளே தில்லுமுல்லு நடக்கிறது என்று பெரியவர்கள் கோபப்படுவார்கள். குழித்துறையில் அவர் முதல் ஆள்தான். அதே நொடியில் எழும்பூரில் ஒரு முதல் ஆள், பெங்களூரில் ஒரு முதல் ஆள், கைப்பேசியை நோண்டிக்கொண்டு இன்னும் எத்தனையோ முதல் ஆட்கள். பூட்டின் முன்னால் நிற்கும் வரிசையில் ஊர்ப் பெயர் பார்ப்பதில்லை.