மரத்தடிக் கராஜில் கேட்ட தமிழ்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



இலக்கிய நிகழ்ச்சியிலே பழைய மோட்டார்க் கார்களுக்கு என்ன வேலை என்று உங்களிற் சிலர் நினைக்கக்கூடும். நமது அகப்பாடல்களை ஒருகணம் நினைத்துப் பார்த்தால் அந்த ஐயம் நீங்கிவிடும். வினைமுடித்து மீளும் தலைவன் தன் மனத்தைத் திறந்து காட்டுவது பல வேளைகளில் தேர்ப்பாகனிடந்தான். தேரொலி கேட்டு வண்டுகள் வெருவிப் பறந்துவிடக்கூடாது என்று மணியின் நாவைக் கட்டி வைத்துத் தேரோட்டிவரும் தலைவன் ஒருவனை அகநானூற்றிலே காண்கிறோம். ஆகவே ஊர்தியும் அதனைச் செலுத்துபவனும் நமது இலக்கியத்துக்குப் புதியவர்கள் அல்லர்.

எனது வீட்டுக்கும் நான் கற்பிக்கும் கல்லூரிக்கும் இடையில், வீதியை விட்டு ஒழுங்கைக்குள் இறங்கினால், ஒரு கராஜ் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. பனங்குற்றிகள் தாங்கும் தகரக் கூரை, எண்ணெய் ஊறிக் கறுத்த நிலம், பக்கத்திலே ஒரு வேம்பு. பின்னேரம் ஐந்து மணியளவில் அந்த வேம்பின் கீழ் நாலு பேர் கூடுவார்கள். எல்லோரும் எழுபதைக் கடந்தவர்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். அவரிடம் ஒரு மொறிஸ் மைனர் உண்டு. இன்னொருவர் முன்னாள் வாடகைக் கார்ச் சாரதி. ஒஸ்ரின் ஏ-40 சொமர்செற் கார் ஒன்றை இன்னமும் ஓடக்கூடிய நிலையில் வைத்திருப்பவர். மூன்றாமவர் வெங்காயத் தோட்டக்காரர். லாண்ட்மாஸ்ரரும் அதற்குப் பின்னால் கொழுவும் பெட்டியும் அவருடைய சொத்து. நாலாமவர் கராஜ்காரர். இந்த நால்வரின் பேச்சைக் கேட்பதற்காகவே சைக்கிளை நிறுத்திவிட்டு நான் பல நாள் நின்றிருக்கிறேன்.

என்ன பேசுவார்கள்? "இண்டைக்கும் எண்ணெய் குடிக்குது." "ஏத்தத்திலை இழுக்குதில்லை." "காலமை கொஞ்சநேரம் இருமிப்போட்டுத்தான் எழும்புது." "கிளச் வழுக்குது." "தண்ணி கொதிக்குது." "பற்றறி இறங்கிப்போச்சு." வீதியிலே போகிறவர் கேட்டால், வீட்டிலே படுத்திருக்கும் வயோதிபர் ஒருவரின் சுகத்தை விசாரிக்கிறார்கள் என்றே எண்ணுவார்.

பல்கலைக்கழகத்திலே சிறப்புப் பட்டம் பெற்று வந்த புதிதில் இந்தப் பேச்சு எனக்குச் சற்றுச் சங்கடத்தைத் தந்தது. கார்ப்பரேற்றர், றேடியேற்றர், கியர்பொக்ஸ் என்று வாய்க்கு வாய் ஆங்கிலம் வருகிறதே என்று கவலைப்பட்டேன். ஒருநாள் கராஜ்காரரிடம், "அண்ணை, கார்ப்பரேற்றரைக் காற்றெரிகலப்பி எண்டு சொல்லலாமே" என்று நானாக ஆக்கிய ஒரு சொல்லைக் கொடுத்தேன். அவர் ஸ்பனரைக் கீழே வைத்துவிட்டு, "சொல்லலாம் மாஸ்டர். ஆனா உங்கடை கலப்பி அடைச்சுப்போச்செண்டா நான் என்ன செய்யிறது?" என்று கேட்டார். "கழற்றி, கழுவி, ஊதி, திருப்பிப் பூட்டுறது" என்றேன். "அப்ப மிச்சமெல்லாம் தமிழ்தானே" என்று சொல்லி அவர் மீண்டும் ஸ்பனரை எடுத்தார்.

நேயர்களே, அந்த ஒரு வசனம் எனக்கு மொழியியற் பாடமாக அமைந்தது. அன்றுமுதல் அந்தப் பேச்சைக் கூர்ந்து கவனிக்கலானேன். பெயர்ச்சொற்கள் கப்பலேறி வந்தவை. வினைச்சொற்களோ நம்முடையவை. கழற்றுதல், பூட்டுதல், இறக்குதல், ஏற்றுதல், தேய்தல், இறுகுதல், வழுக்குதல் யாவும் நமது வயலிலும் வீட்டிலும் கிணற்றடியிலும் வழங்கியவை. 'றிபோர் பண்ணு', 'செற் பண்ணு' என்று ஆங்கில வினையே வந்துவிட்டாலும் வாக்கியத்தை முடித்து வைப்பது தமிழ்ப் பண்ணுதல்தான். வந்த பெயர்களும் வந்தபடி இருக்கவில்லை. ரயர், பொனற், மட்காட் என நமது நாவுக்கு இசைந்து, வேற்றுமை உருபை ஏற்று, 'பொனற்றைத் திற', 'மட்காட்டிலை ஊத்தை' என்று வழங்குகின்றன. தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்து, வடசொல் தமிழெழுத்துக்கு இயைந்து வரவேண்டும் என்று விதித்தார். அவர் வகுத்த நெறி நூலறியாத நமது கராஜிலே இன்றும் நின்று நிலவுகிறது எனலாம்.

இனி, இவர்களுடைய பேச்சின் பொருளுக்கு வருகிறேன்.

1990 ஆம் ஆண்டு யூனில் யுத்தம் மீண்டும் மூண்டபின் வடபகுதிக்குப் பெற்றோலும் டீசலும் பற்றறியும் வருவது தடைப்பட்டது. அப்போது மண்ணெண்ணெயிலே பெற்றோற் கார்கள் ஓடின. எப்படி என்று நால்வரும் இன்றுவரை சலிக்காமற் சொல்வார்கள். குளிர்ந்த எஞ்சினிலே மண்ணெண்ணெய் ஆவியாவதில்லை. ஆகையால் ஓரிரு துளி பெற்றோலை ஊற்றி முதலில் இயக்கவேண்டும். எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். எரியாத மண்ணெண்ணெய் உள்ளே கசிந்து எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். பிளக்கிலே கரி பிடிக்கும். வெண்புகை எழும். ஏ-40 போன்ற பழைய எஞ்சின்களின் அமுக்கவிகிதம் குறைவு. அதனாலேதான் அவை அந்தத் தரங்குறைந்த எரிபொருளைச் சகித்துக்கொண்டன. "புதுக் காராய் இருந்திருந்தால் அண்டைக்கே செத்திருக்கும்" என்பார் சாரதி.

"உதை எங்களுக்கு ஆர் படிப்பிச்சது? தோட்டத்துப் பம்புதான்" என்று குறுக்கிடுவார் வெங்காயக்காரர். உண்மைதான். பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் இறைக்கும் இயந்திரங்கள் நமது தோட்டங்களுக்குப் பழகியவை. பிரித்தானியாவிலே 1949 இல் வந்த பேர்குசன் உழவு இயந்திர வகையொன்றும் இதே முறையில்தான் இயங்கியது. பெற்றோலில் எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த எரிபொருளுக்கு மாற்றுவார்கள். பொறியியலாளர் வரைந்த ஒழுங்கைத் தேவையின் நிமித்தம் நமது மனிதர்கள் காருக்கும் பொருத்திக்கொண்டார்கள்.

பெட்டி பற்றிய கதை வேறு. நேயர்களிற் பலருக்கு 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி மறக்கமுடியாதது. வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி நகர்ந்த இரவு அது. மழையும் பெய்தது. எனக்கு அப்போது பாடசாலை வயது. சாரதி தமது சொமர்செற்றிலே தாயாரையும், அயல்வீட்டுக் கர்ப்பிணிப் பெண்ணொருத்தியையும், இரண்டு சாக்கு அரிசியையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டிருக்கிறார். அடிக்கொரு தடவை நின்று நகரும் சனத்திரளில் மண்ணெண்ணெய் எஞ்சின் என்ன செய்யும்? கொதித்தது. மழைநீரைச் சட்டியில் ஏந்தி ஊற்றினார்கள். நாவற்குழிப் பாலத்தை அடையுமுன் எஞ்சின் இறுகிவிட்டது. வெங்காயக்காரருடைய லாண்ட்மாஸ்ரர் பின்னால் வந்தது. பெட்டி நிறையச் சனம். அந்தப் பெட்டியின் பின்புறத்தில் கயிறு கட்டிக் காரையும் இழுத்தார்கள்.

"காரும் ஒரு பெட்டியாய்ப் போச்சு" என்பார் சாரதி. அத்துடன் அந்தக் கதையை நிறுத்திவிடுவார். இருவரும் நண்பர்களானது அந்த இரவிலேதான் என்பதை நான் வெகுகாலத்துக்குப் பின்னரே அறிந்தேன்.

இறுகிய எஞ்சினுடன் அந்தக் கார் ஆண்டுக்கணக்கிற் கொட்டிலுக்குள் நின்றது. 2002 இல் போர்நிறுத்தம் வந்து ஏ-9 பாதை திறந்தபின், கொழும்பிலிருந்து லொறியிலே டட்சன் 1200 எஞ்சின் ஒன்று வந்து சேர்ந்தது. அதைப் பொருத்திய விதத்தை நால்வரும் ஒரு காவியத்தின் காண்டங்களைப் போலப் பிரித்துச் சொல்வார்கள். சொமர்செற்றுக்குக் கியர்த் தடி ஸ்டியறிங்கின் கீழே. டட்சனுக்கோ தரையில். எனவே தரையை வெட்டவேண்டி வந்தது. ஒஸ்ரினுக்குப் பற்றறியின் நேர்முனை உடலோடு இணைந்தது. டட்சனுக்கு மறைமுனை. வயரெல்லாம் மாறியது. எஞ்சின் தாங்கிகளைப் புதிதாக ஒட்டி, பின்சில்லுக்குச் செல்லும் தண்டின் நீளத்தைத் திருத்தி, எஞ்சின் இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்திலே மாற்றி முடிக்க நாலு மாதம் சென்றது. பழைய கியர்த் தடி இன்னமும் ஸ்டியறிங்கின் கீழே, வேலையில்லாமல் நிற்கிறது. கழற்ற மனமில்லையாம். பழைய எஞ்சினும் கொட்டிலின் மூலையிலே சாக்கு மூடிக் கிடக்கிறது.

அண்மையிலே இந்தக் காரை விலைக்குக் கேட்டுக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலே மீண்டும் இடமளிக்கப்படும்வரை பழைய கார்களின் மதிப்பு உயர்ந்துகொண்டே போனதை அறிவீர்கள். 1958 இல் பெருங் கலகத்துக்குக் காரணமான ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்திய, ஆங்கில எழுத்து இலக்கத்தகடு உள்ள கார் இது. அதற்கும் ஆசைப்படுவோர் உண்டு. வந்தவர் நல்ல விலை சொன்னார். ஒரேயொரு நிபந்தனை விதித்தார். டட்சன் எஞ்சினை இறக்கிவிட்டு, மூல எஞ்சினைத் திருத்தி ஏற்றித் தரவேண்டும். தரையில் வெட்டிய துவாரத்தையும் அடைக்கவேண்டும்.

வேம்பின் கீழ் அன்றைக்குப் பெரிய வாதம் நடந்தது. தபாலதிபர் வாங்க வந்தவரின் பக்கம். "ஒஸ்ரின் எண்டா ஒஸ்ரினாய் இருக்கவேணும். பாட்ஸ் மாறினால் அது வேற கார்" என்றார். "அப்ப உங்கடை மைனர்?" என்று கராஜ்காரர் மடக்கினார். மொறிஸ் மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், முதல் மாதிரி ஒடுக்கமாய் இருக்கிறதென்று கண்டு, அதை நெடுக்காக இரண்டாய் வெட்டி நடுவிலே நாலு அங்குலம் சேர்த்தார் என்பது பிரசித்தமான செய்தி. 1948 இல் வெளிவந்த அந்தக் காரின் பொனற் நடுவே காணப்படும் தட்டையான பட்டி அந்த ஒட்டின் அடையாளமே. மூலம் என்று நாம் வணங்குவதுகூட வெட்டி ஒட்டியதுதான். இன்னுமொன்று: 1990களிலே பிரித்தானியாவின் பாத் நகரிலிருந்த மொறிஸ் மைனர் நிலையத்துக்கு உதிரிப்பாகங்கள் இலங்கையிலே செய்யப்பட்டுச் சென்றன. சீமையிலே 'மூல வடிவம்' என்று மினுக்கி வைத்திருக்கும் மைனர் சிலவற்றில் நமது நாட்டுத் தொழிலாளரின் சுத்தியல் அடி இருக்கிறது.

டட்சனின் கதையும் கவனிக்கத்தக்கது. டட்சனைச் செய்த நிசான் நிறுவனம் 1952 இல் ஒஸ்ரின் நிறுவனத்துடன் உடன்படிக்கை செய்துகொண்டது. அடுத்த ஆண்டிலிருந்து யப்பானிலே அது பொருத்தி விற்ற கார் வேறெதுவுமன்று, இதே ஏ-40 சொமர்செற்தான். பின்னர் ஒஸ்ரின் எஞ்சினொன்றைக் குறுக்கித்தான் 1957 இல் தனது சிறிய எஞ்சினை அது உருவாக்கியது. ஆக, சொமர்செற்றுக்குள் டட்சன் எஞ்சின் புகுந்தது அந்நியர் புகுந்ததாகாது. ஒஸ்ரின் வீட்டிலே தொழில் பழகியவரின் பிள்ளை, பிற்காலத்திலே அந்த வீட்டுக்கே உழைக்க வந்தது போன்றது.

இதை நான் எடுத்துச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். சாரதி மட்டும் சிரிக்கவில்லை. "மாஸ்டர், காசு எனக்குத் தேவைதான். பிள்ளையள் கனடாவிலை. கண்ணும் மங்கிப்போச்சு. இனி நான் ஓடப்போறதில்லை. ஆனா அந்தாள் சொல்லுறமாதிரி மாத்திக் குடுத்தால், தொண்ணூறிலையும் தொண்ணூற்றஞ்சிலையும் நடந்ததொண்டும் நடக்கேல்லை எண்டல்லோ ஆகும்? நீங்கள் படிச்ச ஆள். சொல்லுங்கோ" என்றார்.

அன்றைக்கு என்னாற் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு வாரம் யோசித்தபின் எனக்குத் தோன்றியதை இங்கே சொல்கிறேன்.

பழம்பொருளைப் பேணுவோர் இரு வகையினர். அது பிறந்த நாளில் எப்படியிருந்ததோ அப்படியே காண விரும்புவோர் ஒரு வகை. அது வாழ்ந்த வாழ்வைக் காண விரும்புவோர் மற்றொரு வகை. முதல் வகையினரைக் குறைகூற மாட்டேன். அவர்கள் இல்லையேல் பல பொருள்கள் இரும்புக் கடைக்குப் போயிருக்கும். ஆனால் மொழியைக் கற்பிக்கும் எனக்கு இரண்டாவதே உவப்பானது. நமது தமிழிலும் எத்தனையோ எஞ்சின்கள் மாறியிருக்கின்றன. அலுமாரியும் சாவியும் கதிரையும் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தவை. கந்தோர் ஒல்லாந்தரிடமிருந்து வந்தது. அவற்றைக் களைந்துவிட்டு மூலத்துக்குத் திரும்புகிறோம் என்று புறப்பட்டால், நமது முன்னோர் யாருடன் பழகினார்கள், யாருக்குக் கீழே வருந்தினார்கள், எதைக் கொண்டு பிழைத்தார்கள் என்ற வரலாறும் கூடவே கழன்று போகும். தரையிலே வெட்டிய அந்தத் துவாரம் ஒரு குறை அன்று. அது ஓர் ஆவணம்.

ஆகவே, ஐயா, நீங்கள் இந்த ஒலிபரப்பைக் கேட்டுக்கொண்டிருந்தால் எனது விடை இதுதான்: விற்பதானால் விற்றுவிடுங்கள், அதில் வெட்கமில்லை. ஆனால் இருக்கிறபடி விற்றுவிடுங்கள். விலை குறையலாம். பழைய எஞ்சினையும் கூடவே கொடுங்கள். அது ஏன் இறுகியது என்பதை ஒரு கடதாசியில் எழுதிப் பதிவுப் புத்தகத்துக்குள் வையுங்கள். கண் மங்கலாயிருந்தால் நான் வந்து எழுதித் தருகிறேன்.

நேயர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நமது ஊர்களிலே இத்தகைய மரத்தடிகள் இன்னும் சில இருக்கின்றன. நாட்டார் பாடல்களையும் விடுகதைகளையும் திரட்டிய நாம், தொழிலாளரின் பேச்சைத் திரட்டவில்லை. கொல்லர், தச்சர், படகு கட்டுவோர், கார் திருத்துவோர் ஆகியோரின் சொற்கள் அவர்களோடே போய்க்கொண்டிருக்கின்றன. எனது மாணவர் சிலரை இந்தத் தவணையில் ஆளுக்கொரு கொப்பியுடன் அந்த வேம்படிக்கு அனுப்பியிருக்கிறேன். முதல்நாள் திரும்பிவந்த ஒரு பையன் தன் கொப்பியைக் காட்டினான். நாற்பத்தொரு சொற்கள் எழுதியிருந்தான். 'எஞ்சின் எழும்புது' என்பதற்கு நேரே, 'தொடங்குகிறது' என்று பொருள் எழுதி, பின்னர் அதை வெட்டிவிட்டு, 'நித்திரையால் எழும்புவது போல' என்று திருத்தியிருந்தான்.

அவன் சரியாகத்தான் கேட்டிருக்கிறான்.