புகையிலைக் காட்டில் எந்தக் காய் போடலாம்?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வேடசந்தூர் பக்கத்துக் குழுக்களில் ஐப்பசி பிறந்தால் உள்கடன் மனு வரும். "போயிலைக்கு நடுவில தக்காளி நாத்து நடணும்" என்பீர்கள். போயிலைப் பணம் வீட்டுக்காரர் கைக்குப் போகும், ஊடுபயிர்க் காசுதான் நம் கைக்கு வரும். அதனால்தான் இந்தக் கடனைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் போயிலைக்குப் பங்காளிகள், ஒரே குடும்பம். ஒன்றுக்கு வந்த சீக்கு மற்றதற்கும் தொற்றும். இலைச்சுருட்டு நோயை வெள்ளை ஈ பரப்புகிறது. தேமல் நோய்க்கு ஈ கூட வேண்டாம், நம் கையே போதும். அந்த வைரஸ் காய்ந்த போயிலையிலும் சாகாது. போயிலை போட்ட வாயைத் துடைத்த கையோடு தக்காளி நாத்தைத் தொட்டால் நோயை நாமே நட்டது போலத்தான். (சிரிக்காதீங்க அக்கா!) சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத் தொடுங்கள்.

மண்ணுக்குள்ளும் இதே கதைதான். வேர்முடிச்சு போடும் நூற்புழு பங்காளிப் பயிர்களில் பெருகும். போயிலைக் காளான் என்கிறோமே, அது காளான் இல்லை, வேரை உறிஞ்சும் களை. தக்காளி, கத்தரி வேரிலும் ஒட்டும். அதன் தூசி மாதிரி விதை பல வருஷம் மண்ணில் கிடக்கும். பூக்கும் முன்பே பிடுங்கி எரித்துவிடுங்கள், குப்பைக்குழியில் போட்டால் எருவோடு காட்டுக்கே திரும்பும்.

அப்போ என்ன போடுவது? எங்கள் யோசனை சின்ன வெங்காயம். வேறு குடும்பம். 65 முதல் 90 நாளில் விளைந்துவிடும், போயிலை இலை விரிந்து நிழல் கட்டும் முன்பே பெரும்பாலும் கைக்கு வரும்.  வெங்காயத்துக்கும் கருகல் உண்டு, விலையும் ஏறி இறங்கும், அதை மறைக்கவில்லை. ஆனால் வெங்காயச் சீக்கில் பெரும்பாலானவை போயிலைக்குப் போகாது.

போயிலை சாம்பல் சத்தை நிறைய இழுக்கும், இலையோடு அது வெளியே போய்விடும். வெங்காயமும் சத்து எடுக்கும் என்பதால் தொழுஉரம் கூடவே போடணும். அறுவடைக்குப் பிறகு பச்சைப்பயறு போட்டால் வேர்முடிச்சில் தழைச்சத்து சேரும். அது நூற்புழு முடிச்சு இல்லை, நல்ல முடிச்சு.

கடைசியாக மருந்து. போயிலைக்கு அடிப்பது நடுவில் உள்ள பயிரிலும் விழும். கீரை போடவே வேண்டாம். மருந்து அடித்தால் எத்தனை நாள் கழித்து வெங்காயம் பிடுங்கலாம் என்பதை டப்பாவின் சீட்டைப் படித்து, குழு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். அடுத்த மாதம் கடன் மனுவில் "ஊடுபயிர்" என்று மட்டும் எழுதாமல் பயிர்ப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள், பார்த்துப் பேசுவோம்.