வானம் இடிந்து விழுமென்று அஞ்சிய நாள்கள்

(ஆலயத் திருவிழாவில் ஆற்றப்பெற்ற உரை)



1969-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மனிதன் நிலவில் கால் பதித்தான். அடுத்து வந்த பத்தாண்டுகளில் விண்வெளிச் செய்திகள் வானொலி வாயிலாகவும் நாளிதழ் வாயிலாகவும் எளிய மக்களின் அன்றாடப் பேச்சில் இடம்பெற்றன. அந்த வியப்பு அச்சமாக மாறிய நிகழ்ச்சி 1979-இல் நேர்ந்தது.

1973 மே 14-இல் அமெரிக்கா ஏவிய ஸ்கைலேப் என்னும் விண்வெளி நிலையம் ஏறத்தாழ 77 டன் எடை கொண்டது. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று குழுவினர் அதில் தங்கி ஆய்வு நடத்தி, 1974 பிப்ரவரியில் அதனை விட்டு நீங்கினர். பின்னர்க் கதிரவனின் சீற்றம் மிகுந்ததால் வளிமண்டலத்தின் மேலடுக்கு சூடேறி விரிந்தது. அதன் உராய்வால் நிலையம் வேகம் இழந்து கீழிறங்கலாயிற்று. அது விழும் இடத்தை எவராலும் உறுதியாகக் கூற இயலவில்லை. பூமத்திய ரேகையின் இருபுறமும் 50 பாகை வரை அதன் பாதை பரந்திருந்தது. இந்தியாவும் சிலாங்கூரின் இரப்பர்த் தோட்டங்களும் அப்பாதையின் கீழேதான் இருந்தன.

செய்தி ஒன்றே, அதனை ஏற்ற விதமோ வேறு. அமெரிக்காவில் ஸ்கைலேப் படம் பொறித்த சட்டைகள் விற்பனையாயின. முதல் துண்டைக் கொணர்வோர்க்கு 10,000 டாலர் பரிசென ஒரு நாளிதழ் அறிவித்தது. ஆந்திரச் சிற்றூர்களிலோ, உலகமே அழியப் போகிறதென நம்பி, ஆடுமாடுகளை விற்றோரும், சேமிப்பை உண்டு தீர்த்தோரும் உண்டு என அக்காலத்தவர் நினைவுகூர்கின்றனர்.

ஜூலை 11-இல் நிலையம் சிதறியது. துண்டுகள் இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவின் எஸ்பெரன்ஸ் வட்டாரத்திலும் வீழ்ந்தன. எவருக்கும் காயமில்லை. அவ்வூர் இளைஞர் ஒருவர் துண்டுடன் சென்று பரிசையும் பெற்றார். உலகம் அழியவில்லை, விற்ற மாடுதான் திரும்பி வரவில்லை.

உலகில் யாரேனும் ஒருவர்மீது துண்டு விழும் வாய்ப்பு 152-இல் ஒன்று என நாசா முன்பே கணித்திருந்தது. குறிப்பிட்ட ஒருவர்மீது விழும் வாய்ப்போ ஏறத்தாழ அறுபதாயிரம் கோடியில் ஒன்று. அந்தக் கணக்கு சிற்றூர்களை எட்டவில்லை, வதந்தி எட்டியது. இழப்பு முழுவதும் ஏழையின் தலையில் விழுந்தது.

அன்பர்களே! கிரகணம் தோன்றும் நாழிகையைக் கணித்துப் பஞ்சாங்கத்தில் எழுதி வைத்த மரபு தமிழருடையது. வானத்தை வணங்கியவர்கள் அதனைக் கணக்கிடவும் கற்றிருந்தனர். இன்று வதந்தி கைத்தொலைபேசியில் வருகிறது. சுங்கை சோவில் பால்மரம் வெட்டிச் சேர்த்த பெற்றோரின் சிறுசேமிப்பு, ஒரு பொய்ச் செய்தியால் கரையலாகாது. கேட்டதை ஆராய்ந்து ஏற்கும் அறிவைப் பிள்ளைகளுக்கு ஊட்டுவது ஒவ்வோர் இல்லத்தின் கடமையாகும்.